லேபிள் ஒட்டாத தீப்பெட்டி

பத்திரிகை ஆசிரியர் ஒரு பை நிறைய கடிதங்களையும், செல்போனில் வந்த கேள்விகளை அச்செடுத்த தாள்களையும் கையில் கொடுத்து, "இந்த இதழ் வாசகர் கேள்விகளுக்கு நீங்கதான் பதில்" என்றார். பை நல்ல கனம். பிரித்துப் பார்த்தால், பாட்டெழுதிப் பாடுகிற என்னிடம் கேட்ட கேள்வி என்னவோ இரண்டுதான். பாட்டு எங்கிருந்து வருகிறது? பாட்டை வெளியிட்ட கம்பெனி எவ்வளவு கொடுத்தது? ஒரே ஒருவர் மட்டும் என் மூக்குத்தியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அது அத்தை போட்டது. மிச்சத்துக்கு வருகிறேன்.

நீங்கள் இசைக் குடும்பத்தில் பிறந்தவரா? முதலில் யாரிடம் கற்றீர்கள்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

இசையை விற்ற குடும்பம் என்று சொன்னால் சரியாக இருக்கும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பா ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். உங்கள் வயதுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அப்பா ஒரு காலி கேசட்டில் அத்தனையையும் வரிசையாகப் பதிந்து கொடுப்பார். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், 90 என்றால் 45. சீட்டு பெரும்பாலும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கமாக இருக்கும். ஒருவர் மஞ்சள் பத்திரிகையின் (கல்யாணப் பத்திரிகைதான், பதறாதீர்கள்) ஓரத்தைக் கிழித்து எழுதிக்கொண்டு வந்தார்.

கேசட்டில் பக்கம் முடிகிற இடம்தான் சிக்கல். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ மிஞ்சும். முழுப் பாட்டு அடங்காது. பாதியில் அறுந்தால் கேசட் வாங்கியவர் சண்டைக்கு வருவார். வெறுமனே விட்டால், "ஏன் அண்ணாச்சி, காசு வாங்கிட்டு டேப்ப காலியா விட்டிருக்கீயளே" என்பார். அப்பா அந்த இடத்தில் ஏதாவது ஒரு பாட்டின் இடையிசையை மட்டும் எடுத்துப் போட்டு, சத்தத்தை விரலால் மெல்லக் குறைத்து, டேப் தீருகிற இடத்தில் சரியாக அடங்கும்படி செய்துவிடுவார். எங்கள் தெருவில் அதற்கு 'வால்' என்று பெயர். வால் நன்றாக இருக்கிறது என்றே கடைக்கு வந்தவர்கள் உண்டு. என் பாட்டுகள் எல்லாம் கடைசியில் பத்துப் பதினைந்து விநாடி யாரும் பாடாமல் போவதைக் கவனித்திருப்பீர்கள். அது அப்பாவின் வால்.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். சட்டப்படி பார்த்தால் அந்தக் கடையே காப்புரிமை மீறல்தான். நான் மேடையில் உரிமை பற்றி ஆவேசமாகப் பேசும்போது முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தால் லேசாக இருமுவார்.

வரி முதலில் வருமா, மெட்டு முதலில் வருமா?
– தமிழாசிரியர், மதுரை

சத்தம் முதலில் வரும் ஐயா.

எங்கள் ஊரில் லேபிள் என்றால் தீப்பெட்டி மேல் ஒட்டுவது. பாட்டுக் கம்பெனிக்கும் அதே பெயர் என்று எனக்குத் தெரிந்தது சென்னைக்கு வந்த பிறகுதான். அம்மா வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள். கணக்கு குரோஸில், ஒரு குரோஸுக்கு 144. தாளை மடிக்கிற சத்தம், பசை தொட்ட விரல் தாளில் இழுபடுகிற சத்தம், பிறகு ஓரம் ஒட்டுவதற்காக உள்ளங்கையால் இரண்டு தட்டு. சர்க், தட், தட். சர்க், தட், தட். சாயங்காலம் ஆனால் தெரு முழுக்க வாசல்களில் இதே சத்தம்தான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் வேகம் வேறு. 2009இல் ஊருக்குப் போயிருந்தபோது அதை என் பட்டன் போனில் பதிந்து வைத்தேன். எதற்கு என்று தெரியாது. மிருதங்கம் வாசிக்கும் நண்பரிடம் போட்டுக் காட்டினேன். "திஸ்ரம்" என்றார், மும்மூன்றாக எண்ணுகிற தாள நடை. அம்மாவிடம் சொன்னதற்கு, "அது யாரு?" என்று கேட்டாள்.

அதன் மேல் மெட்டு வர ஐந்தாறு வருடம் ஆனது. மெட்டு வந்தபின் வரி பதினோரு மாதம் வரவில்லை. வரி வந்தது அத்தையின் சேலையிலிருந்து. அத்தை தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினாள். (ஃபேக்டரியைத்தான் எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம்.) சாயங்காலம் அவள் மடியில் படுத்தால் கந்தக வாடை அடிக்கும். மழைக்காலத்தில் குச்சி காயாது, வேலை இருக்காது, வாடையும் இருக்காது. சின்னப் பிள்ளையில் எனக்கு அந்த வாடை இல்லாத நாளென்றால் வீட்டில் குழம்பு தண்ணியாக இருக்கும் நாள் என்று மட்டும் தெரியும். "கந்தக வாசம் வந்தா எங்க வீட்டுல அடுப்பெரியும்" என்ற வரி அப்படி வந்தது. அந்த வரிக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

கச்சேரிக்கு முன்னால் என்ன சாப்பிடுவீர்கள்?
– வாசகர், ஆம்பூர்

வெந்நீர். ஆம்பூரிலிருந்து கேட்கிறீர்கள், நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பது புரிகிறது. அதெல்லாம் கச்சேரி முடிந்த பிறகு.

கம்பெனியில் ஏமாந்துவிட்டதாக ஒரு மேடையில் சொன்னீர்கள். ஒப்பந்தத்தை நீங்களே படித்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்

சுருக்கென்று கேட்டுவிட்டீர்கள் சார். படித்தேன், 34 பக்கம். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். அதுதான் உண்மை. ஏமாற்றினார்கள் என்று சொல்வதைவிட நான் கணக்குப் போடவில்லை என்று சொல்வதே நியாயம். நீங்கள் வங்கிக்காரர் என்பதால் கணக்காகவே தருகிறேன்.

2017இல் கையெழுத்து. கம்பெனி பெயர் வேண்டாம். முன்பணம் 3 லட்சம். அதுவரை அப்படியொரு தொகையை ஒரே செக்கில் நான் பார்த்ததில்லை. பாட்டுக்கு ராயல்டி, அதாவது வருமானத்தில் என் பங்கு, 20 சதவீதம். முன்பணத்தை என் ராயல்டியில் கழித்துக்கொள்வார்கள் என்பது தெரியும், அது நியாயம்தான். ஆனால் 19ஆம் பக்கத்தில், வீடியோ எடுத்த செலவும் விளம்பரச் செலவும் அதே என் பங்கிலிருந்து கழியும் என்று ஒரு பத்தி இருந்தது. வீடியோவுக்கு 6 லட்சம் ஆனது. (ஊட்டியில் எடுத்தார்கள். தீப்பெட்டிப் பாட்டுக்கு ஊட்டி எதற்கு என்று கேட்டேன். "லுக்" என்றார்கள்.) விளம்பரம் 3 லட்சம். ஆக மொத்தம் 12 லட்சம் என் பெயரில் பற்று.

பாட்டு 2018 ஜனவரியில் வெளியாகி ஓரளவு ஓடியது. மூன்று வருடத்தில் வந்த வருமானம் 15 லட்சம். கம்பெனிக்கு போட்ட 12 போக 3 லட்சம் கையில் நின்றது. என் பேரேட்டில் என்ன இருந்தது? 15 லட்சத்தில் 20 சதவீதம் 3 லட்சம். 12 லட்சம் கடனில் அந்த 3 லட்சம் கழிந்தது. மிச்சம் 9 லட்சம் பாக்கி. அவர்கள் லாபத்தில், நான் கடனில். ஒரே பாட்டு, ஒரே வருமானம்.

ஒவ்வொரு அரையாண்டும் அறிக்கை வரும். கடைசி வரியில் மைனஸ் போட்டு ஒரு எண் இருக்கும். நல்லவேளை, அந்தக் கடனைக் கையிலிருந்து திருப்பித் தர வேண்டியதில்லை. பாட்டு சம்பாதித்துத்தான் அடைய வேண்டும். அது அடையும் வரை எனக்குச் சல்லிக்காசு வராது, அவ்வளவுதான். நான்காவது அறிக்கையை உறையோடு அப்பாவிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நான் கேசட்டுக்கு இருபது ரூவா வாங்கிட்டு வால் போட்டுக் குடுத்தேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கம்பெனி எதுவுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. எஃப்.எம்.மில் என் பாட்டு ஒலித்தது அவர்களால். கோயம்புத்தூரில் ஒரு ஆட்டோக்காரர் என் பாட்டை முணுமுணுத்ததைப் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டேனே, அதற்கும் அந்த 3 லட்சம் விளம்பரம்தான் காரணமாக இருந்திருக்கும்.

'மாஸ்டர்', 'மாஸ்டர்' என்கிறார்களே, அது என்ன? டெய்லர் ஸ்விஃப்ட் தன் பாட்டையே ஏன் மறுபடி பாடினார்?
– பிளஸ் டூ மாணவர், திருச்சி

எங்கள் ஊர்க் கடலை மிட்டாயை வைத்துச் சொல்கிறேன். (2020இல் புவிசார் குறியீடே வாங்கிய மிட்டாய், ஆகவே உதாரணத்துக்குத் தகுதி உண்டு.) வெல்லப்பாகு எந்தப் பதத்தில் வர வேண்டும், கடலை எவ்வளவு என்ற பக்குவம் ஒன்று. அந்தப் பக்குவத்தில் கிண்டி, தட்டில் ஊற்றித் துண்டு போட்ட மிட்டாய் வேறொன்று. பாட்டில் பக்குவம் என்பது வரியும் மெட்டும். தட்டில் இருக்கும் மிட்டாய்தான் மாஸ்டர், அதாவது ஸ்டூடியோவில் பதிந்த அந்த ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவு. இரண்டுக்கும் சொந்தக்காரர் வேறு வேறாக இருக்கலாம். பெரும்பாலும் தட்டு கம்பெனியுடையது.

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் 6 ஆல்பங்களின் தட்டு அவர் முதலில் இருந்த கம்பெனியிடம் இருந்தது. 2019இல் அந்தக் கம்பெனியே வேறொருவர் கைக்குப் போனது. 2020இல் மாஸ்டர்கள் மட்டும் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஆனால் பக்குவம் அவருடையது. பாட்டெழுதியவர் அவர். அதனால் புதிதாக அடுப்பு மூட்டினார். 2021 தொடங்கி 2023க்குள் நான்கு ஆல்பங்களை முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிந்து, 'டெய்லர்ஸ் வெர்ஷன்' என்று பெயர் வைத்து வெளியிட்டார். ரசிகர்கள் புதுத் தட்டுக்கு மாறினார்கள். 2025 மே மாதம் பழைய 6 ஆல்பங்களின் மாஸ்டர்களையும் விலை கொடுத்தே வாங்கிவிட்டார். அதற்கு அவரிடம் பணம் இருந்தது. நமக்கு அந்த முதல் வழிதான் ஆகும்.

அதற்கும் கம்பெனிகள் பூட்டு வைத்திருக்கும். இத்தனை வருடத்துக்கு அதே பாட்டை நீ மறுபடி பதியக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள். எனக்கு 7 வருடம். அதோடு, பதிவில் சேர்த்த எல்லா ஒலித் துண்டுகளும் கம்பெனிக்கே என்று இன்னொரு வரி. அப்போது அதைக் கிடார், டிரம்ஸ் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி சொன்னதற்காக வரியை மாற்றினீர்களாமே? உங்கள் பாட்டை அப்படி விட்டுக்கொடுக்கலாமா?
– கவிஞர் (என்று போட்டிருக்கிறார்), கும்பகோணம்

மாற்றினேன். மேலே சொன்ன கந்தக வரிதான். குளிர்பதன அறையில் நான்கு பேர். ஒருவர், "மேடம், கந்தகம்னா ஹாஸ்பிட்டல் ஃபீல் வருது" என்றார். இன்னொருவர் 'காதல் வாசம்' என்று எடுத்துக் கொடுத்தார். அரை மணி நேரம் சண்டை போட்டேன். அப்புறம் வாடகை ஞாபகம் வந்தது. "காதல் வாசம் வந்தா எங்க வீட்டுல அடுப்பெரியும்" என்று பாடிவிட்டு வந்தேன். யார் வீட்டில் எரிகிறது என்று நீங்களே பாருங்கள்.

இந்த அவமானத்தில் எனக்குத் துணைக்கு ஒரு பெரிய மனுஷி உண்டு. கேட் புஷ். இங்கிலாந்துப் பாடகி, 1958இல் பிறந்தவர். யாரைப் பார்த்துப் பாட்டெழுத ஆரம்பித்தீர்கள் என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள், அவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பியானோவில் உட்கார்ந்து டஜன் கணக்கில் பாட்டுக் கட்டிய பெண். 16 வயதில் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் டேவிட் கில்மோர் அந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டுத் தன் செலவில் மூன்று பாட்டைச் சரியான ஸ்டூடியோவில் பதிந்து கொடுத்தார். ஈ.எம்.ஐ. கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. (நம் மாதத் தவணை இல்லை, கம்பெனி பெயரே அதுதான். பொருத்தம் எனக்கும் தோன்றியது.) எடுத்துக்கொண்டு என்ன செய்தது? அவசரப்படுத்தவில்லை. வயது ஆகட்டும் என்று விட்டுவைத்தது. முன்பணத்தில் அவர் நடனமும் மைம் என்கிற பேசா நடிப்பும் படித்தார், மதுக்கடைகளில் சின்னக் குழுவோடு பாடினார். முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற கம்பெனி! படிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது.

'வதரிங் ஹைட்ஸ்' பாட்டு வந்த கதை இன்னும் பிடிக்கும். எமிலி பிராண்டியின் நாவலைப் படித்து எழுதியதில்லை அது. டி.வி.யில் அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தபோது கடைசிச் சில நிமிடங்களைத்தான் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ஒரு பெண்ணின் ஆவி, உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிற காட்சி. அது மனதில் தங்கிவிட்டது. நாவலைப் பிறகுதான் படித்தார். 18 வயதில், ஒரு முழுநிலவு இரவில், பியானோ முன்னால் பாட்டு முடிந்தது. பாடுவது அந்த ஆவி. அதனால்தான் குரல் அவ்வளவு உயரத்தில், காற்றில் ஆடுகிற மாதிரி இருக்கும். கம்பெனி முதலில் வெளியிட நினைத்தது வேறொரு பாட்டை. இவர் இதுதான் என்று நின்றார், ஜெயித்தார். 1978இல் இங்கிலாந்தில் 4 வாரம் முதலிடம். தானே எழுதிய பாட்டோடு அங்கே முதலிடத்துக்கு வந்த முதல் பெண் அவர்.

இப்படி நின்றவர் ஒரு இடத்தில் வளைந்தார். 1982இல் முழுக்கத் தானே தயாரித்த ஆல்பம் முந்தையவை அளவுக்கு விற்கவில்லை. வாடகை ஸ்டூடியோவின் மணிக்கணக்குத் தொல்லை வேண்டாம் என்று பெற்றோர் பண்ணையில் இருந்த தானியக் கொட்டகையை ஸ்டூடியோ ஆக்கினார். அங்கே பதிந்த ஒரு பாட்டுக்கு அவர் வைத்த பெயர் 'எ டீல் வித் காட்', கடவுளோடு ஒரு பேரம். ஆணும் பெண்ணும் கொஞ்ச நேரம் இடம் மாறிக்கொண்டால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்களே என்று கடவுளிடம் பேரம் பேசுகிற பாட்டு. மதப்பற்று மிகுந்த நாடுகளின் வானொலிகள் கடவுள் பெயர் வந்தால் போடமாட்டார்கள் என்று கம்பெனி பயந்தது. முந்தைய ஆல்பம் விற்காத நேரம். ஒத்துக்கொண்டார். 'ரன்னிங் அப் தட் ஹில்' என்று முன்னால் வைத்து, தன் தலைப்பை அடைப்புக்குறிக்குள் தள்ளினார். 1985இல் அது இங்கிலாந்தில் 3ஆம் இடம். 2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் வந்ததும், 37 வருடம் கழித்து, முதலிடம்.

தலைப்பைத்தான் மாற்றினார், பாட்டுக்குள் கடவுள் அப்படியே இருக்கிறார். நான் பாட்டுக்குள் மாற்றிவிட்டேன். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், கும்பகோணத்துக் கவிஞருக்கும் தெரியும். திட்டுவதை ஏற்றுக்கொள்கிறேன்.

மாயா அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) பற்றி உங்கள் கருத்து?
– வாசகி, யாழ்ப்பாணம்

ஈழத்தமிழ்ப் பாடகியான அவர் தன் முதல் ஆல்பத்துக்கு வைத்தது அப்பா பெயர் 'அருளர்', இரண்டாவதுக்கு அம்மா பெயர் 'கலா'. லண்டனில் இருந்துகொண்டு அப்படி வைக்கிற தைரியம் எனக்குக் கோவில்பட்டியில் இருந்துகொண்டே வந்திருக்காது. 'கலா' 2007இல் வந்தபோது அதில் உறுமி மேளச் சத்தம் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வருகிற உறுமி! வெளிநாட்டு ஆல்பத்தில்! உறுமியை அலங்காரத்துக்கு ஓரமாக வைக்காமல் நடு வீட்டில் உட்கார வைத்திருந்தார். அம்மாவின் பெட்டிச் சத்தத்தைப் பாட்டின் அடியில் போடலாம் என்ற துணிச்சல் எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.

ஒரு மியூசிக் கம்பெனியிலிருந்து எனக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது. ஒரு வாரத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். என்ன பார்க்க வேண்டும்?
– பெயர் வெளியிட வேண்டாம், புதுக்கோட்டை

தம்பி, முதலில் அந்த ஒரு வாரத்தைப் பாருங்கள். எனக்கும் ஒரு வாரம்தான் கொடுத்தார்கள். பத்து நாள் ஆகும் என்று சொல்லிப் பார்த்திருந்தால் ஒன்றும் ஓடிப்போயிருக்காது என்பது பின்னால் புரிந்தது. அதற்குள் ஒரு வக்கீலைப் பிடியுங்கள். சொத்து வழக்கு பார்ப்பவர் போதாது, காப்புரிமை தெரிந்தவராக இருக்க வேண்டும். ஃபீஸ் கசக்கும்.

எத்தனை பாட்டு, எத்தனை ஆல்பம் என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் தர வேண்டிய எண்ணிக்கை அது. அவர்கள் வெளியிட்டே தீர வேண்டிய எண்ணிக்கை எங்கே என்று தேடுங்கள். பல ஒப்பந்தங்களில் அது இருக்காது. ரே என்றொரு லண்டன் பாடகி, 2014இல் நான்கு ஆல்பத்துக்கு ஒப்பந்தமானவர், ஏழு வருடம் ஆகியும் ஒரு ஆல்பம் வெளியிட விடவில்லை என்று 2021இல் ட்விட்டரில் வெடித்தார். கம்பெனியை விட்டு வெளியே வந்தார். சொந்தமாக வெளியிட்ட 'எஸ்கேபிசம்' 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் முதலிடம். அடுத்த மாதமே முதல் ஆல்பம். 2024இல் அந்த நாட்டு இசை விருதான பிரிட் விருது 6. அந்த விருதுகளைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நடுவில் போன ஏழு வருடத்தைப் பாருங்கள். அப்படி வெளியே வந்து காணாமல் போனவர்கள் பேட்டி கொடுப்பதில்லை.

அடுத்து, எவ்வளவு காலம், எந்த இடம். என் ஒப்பந்தத்தில் 'என்றென்றைக்கும்', 'பிரபஞ்சம் முழுவதும்' என்று இருந்தது. விளையாட்டில்லை, அப்படியே எழுதுவார்கள். செவ்வாய் கிரகத்தில் என் பாட்டு ஓடினாலும் வசூல் அவர்களுக்குத்தான். நம் காப்புரிமைச் சட்டப்படி, காலம் எழுதாமல் விட்டால் 5 வருடம் என்றும், இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்றும்தான் கொள்வார்கள். அது தெரிந்துதான் பிரபஞ்சத்தையே எழுதி வைக்கிறார்கள்.

பாட்டெழுதி மெட்டும் போடுகிறவர் நீங்கள் என்றால் ஒரு நல்ல செய்தி. 2012இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒலிப்பதிவிலோ சினிமாவிலோ சேர்ந்த பாட்டுக்கு, வரி எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டி பெறும் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது. வாரிசுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர யாருக்கும் விட்டுத்தர முடியாது. ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பகுதி செல்லாது. அந்தப் பணத்தை வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். என்கிற காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினர் ஆக வேண்டும். நான் மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டுச் சேர்ந்தேன். முதல் தடவை 1,840 ரூபாய் வந்தது. மைனஸ் இல்லாத முதல் எண். அந்தத் தாளை பிரிட்ஜில் ஒட்டி வைத்தேன்.

இல்லை, கம்பெனியே வேண்டாம் என்றால் பாட்டை விநியோகிக்கிற இணையதளம் ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டி நீங்களே எல்லாப் பாட்டுத் தளங்களிலும் ஏற்றிக்கொள்ளலாம். மாஸ்டர் உங்களுடையது. விளம்பரமும் உங்களுடையது, அதாவது இருக்காது.

ரீல்ஸுக்கென்று பாட்டு எழுதுவீர்களா?
– வாசகி, ஈரோடு

தனியாக எழுதுவதில்லை. ஆனால் ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அது தெரிந்த பிறகு என் முன்னிசை எல்லாம் தானாகவே சுருங்கிவிட்டது. என்னை அறியாமலே. அந்தக் கோபத்தை முடிவில் வால் வைத்துத் தீர்த்துக்கொள்கிறேன்.

உங்கள் அம்மா உங்கள் பாட்டைக் கேட்பார்களா? என்ன சொல்வார்கள்?
– தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளி, சாத்தூர்

உங்கள் கடிதத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன் அக்கா.

என் 7 வருடப் பூட்டு 2025 ஜனவரியில் திறந்தது. அதே பாட்டை மறுபடி பதிந்தேன், கந்தகத்தோடு. மேடையில் பாடினால் கூட்டம் இன்னும் 'காதல் வாசம்' என்றுதான் சேர்ந்து பாடுகிறது. நான் கந்தகம், அவர்கள் காதல். ஒரு விநாடி இரண்டும் மோதிவிட்டு அப்புறம் சேர்ந்துகொள்ளும்.

புதுப் பதிவுக்குப் பெட்டிச் சத்தம் வேண்டும். பழைய போன் பதிவு என்னிடமே இருக்கிறது, ஆனால் 'எல்லா ஒலித் துண்டுகளும்' என்ற அந்த வரியைக் காட்டி வக்கீல் தொடாதே என்றார். அம்மாவைப் புதிதாகப் பதியலாம் என்று ஊருக்குப் போனேன். அவள் பெட்டி ஒட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. இப்போது மெஷின் ஒட்டுகிறது, இவள் விரலும் மடங்குவதில்லை. அத்தை, "நான் ஒட்டுதேன், கொண்டா" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நல்ல மைக் வைத்துப் பதிந்தேன். சர்க், தட், தட். பழையதைவிடத் துல்லியம்.

பாட்டு முடிந்ததும் அம்மா காதில் ஹெட்போனை மாட்டினேன். வரி எதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை. பாதியிலேயே கழற்றிவிட்டாள்.

"ஏ புள்ள, இது என் கை இல்ல. மதினி கை."

எப்படித் தெரியும் என்றேன். "ரெண்டாவது தட்டு லேட்டா விழுது பாரு. அவ எப்பவும் அப்படித்தான்." அப்புறம், "என் கை எங்க?" என்றாள்.

கம்பெனியிடம் இருக்கிறது என்றேன். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டாள். 2018இல் வெளியான ஒலிப்பதிவு, அடுத்த வருடத்திலிருந்து எண்ணி 60 வருடம், 2078 முடிகிற வரை என்று கணக்குச் சொன்னேன். அவளுக்கு இப்போது 67. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"சரி, அப்ப வந்து வாங்கிக்கிடுதேன்" என்று முருங்கைக்கீரையை உருவப் போய்விட்டாள்.